அறையில் இருந்தவர்கள்

ஜூன் 3

என் செல்ல வாலுக்கு,

அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, அவர் பக்கத்தில் குறிப்பெடுக்கும் நர்ஸ், உன் அத்தான், நான். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சின்னவள் வெளியே பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, "டாக்டர் என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களே" என்று ஆரம்பித்தால் நீ நம்பக்கூடாது.

நாலு மாதமாக எனக்கு நாள் கணக்கில்லாமல் உதிரம் போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். போன மாதம் உள்ளேயிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. கருப்பையின் உள்தோலில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஆரம்ப நிலை. மெதுவாக வளரும் ரகம். ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. இந்த மூன்றையும் இரண்டு தடவை படி. நானும் அவரை இரண்டு தடவை சொல்லச் சொல்லித்தான் எழுதிக்கொண்டேன்.

கருப்பையையும் குழாய்களையும் கட்டாயம் எடுக்க வேண்டும். பக்கத்தில் பயறு அளவில் கணுக்கள் இருக்கின்றனவாம். சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் கால் வீங்கிப்போகும் என்றார். அதில் எனக்குக் குழப்பமில்லை. சினைப்பைகள் இரண்டும்தான் கேள்வி. எனக்கு நாற்பத்துநாலு வயது, அவை இன்னும் வேலை செய்கின்றன. எடுத்துவிட்டால் உடம்பு ஒரே நாளில் பத்து வருஷம் தாண்டிப்போகும். "ஆரம்ப நிலை, குடும்பத்துல யாருக்கும் எதுவும் இல்லைன்னு படிவத்துல எழுதியிருக்கீங்க. அதனால வச்சுக்கலாம். எடுத்துடணும்னு நினைச்சாலும் தப்பில்ல. யோசிச்சு வாங்க" என்றார்.

உன் அத்தான் சும்மா இருப்பாரா? "எடுக்கிறதுன்னு ஆயிடுச்சு, மொத்தமா கழட்டிடுங்க டாக்டர். பாதி கழட்டின மெஷின் மறுபடி மக்கர் பண்ணும்."

"உங்க அச்சாபீஸ் மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்கும் சார். இதுக்குக் கிடைக்காது."

வாயை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னால் முடியாததை அந்த அம்மா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

போன் செய்யாதே. நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். யோசித்து எழுது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை லாரியில் போய்த் திரும்பிவிட்டாரா? காலைப் பிரார்த்தனையில் உன் பேர் எப்போதும் போல மூன்றாவதாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உன் வருகைப் பதிவேடு கிடைத்தது. கடையில் வைத்துப் பிரித்தது என் தப்பு. ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். வலது கண்ணுக்குரியதை இடது பக்கம் மாட்டிவிட்டேன். அவர் போட்டுப் பார்த்து, "ஏம்மா, உன் மூஞ்சி ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?" என்றார். என் மூஞ்சி நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

அந்தத் துணுக்கு எடுக்கும்போது இருமச் சொல்லியிருப்பார்கள். நீ கூச்சப்பட்டு, கோயில் வாசலில் இருமுகிறவள் மாதிரி மெதுவாக இருமியிருப்பாய். பலமாக இருமினால்தான் அந்த வலி தெரியாமல் போகும். சரி, முடிந்துவிட்டது.

அக்கா, இரண்டையும் எடுத்துவிடேன். அத்தான் சொல்வது எனக்குச் சரியென்று படுகிறது. அவர் சொல்வது சரியென்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை, அதற்காகவாவது கேள்.

சின்னவளிடம் என் முத்தங்களைக் கொடு. பெரியவளுக்கு வேண்டாம், துடைத்துக்கொள்வாள்.

உன்,
வாலு


ஜூன் 15

செல்லத்துக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். வலி கிடையாது, களைப்பு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்திருந்தார். கூடத்தில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உன் அத்தானைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டேன். நாத்தனாருக்கு நாற்பது வயதிலேயே கட்டி என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களே, அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார். "அடுப்புல யாரோ நம்மள வச்சு எறக்குற மாதிரி இருக்கும்டி. பேசிக்கிட்டே இருப்பேன், குப்புன்னு வேர்க்கும். எதுக்கு அழுறோம்னு தெரியாம அழுவேன். எங்க வீட்டுக்காரரு என்னைப் பேய் புடிச்சவள்னு நினைச்சாரு." போன வருஷம் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு எலும்பு உடைந்தது. கையை நீட்டிக் காட்டினார். இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு பெண்களையும் இன்னும் பத்து வருஷமாவது தெம்பாக நின்று பார்க்க வேண்டும். அழுகிறவளாகவும் எலும்பு முறிந்தவளாகவும் அல்ல. கெட்டுப்போனதை எடுப்போம், நல்லதை ஏன் எடுக்க வேண்டும்? கடவுள் கொடுத்ததைக் காரணமில்லாமல் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நீ மட்டும் ஏன் எடுக்கச் சொல்கிறாய்? உன் அத்தானுக்காவது மெஷின் காரணம். உன் காரணம் என்ன? நானும் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் பெரியவளின் உயிரியல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதினால் புரியும்.

உன் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அறுபது கண்ணாடிக்கு ஆர்டர். சாணைக்கல்லில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை இல்லை. இப்போது திருடினால் யாராலும் பிடிக்க முடியாது.

காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எங்கேயோ படித்தேன், அவ்வளவுதான்.

அந்தப் படிவத்தில் அம்மாவுக்கு என்னவென்று எழுதினாய்?

அவர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்துவிடுவார்.

உன்,
வாலு


ஜூலை 1

செல்லத்துக்கு,

உன் கடிதம் இரண்டு விரற்கடை நீளம். பன்னிரண்டு நாள் காத்திருந்ததற்கு இதுவா?

அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்று எழுதினேன். அப்பா அதைத்தான் சொன்னார். பெரியப்பா காமாலை என்றார். சித்தி ஒன்றுமே சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவைக் கடைசியாகச் சேர்த்திருந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினேழு. கதவைச் சாத்திவிட்டு டாக்டர் உள்ளே பேசினார். அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. என் பதிவேட்டைக் கிண்டல் செய்கிறாயே, அது அந்தக் கதவிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஜூலை 18 ஆபரேஷன். 14ஆம் தேதி போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சினைப்பைகளை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். உன் அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை. பிரார்த்தனையில் ஒரே வரிதான் சொல்கிறேன்: எது போக வேண்டுமோ அது மட்டும் போகட்டும்.

அம்மாவைப் பற்றி இப்போது ஏன் கேட்டாய்?

அக்கா


ஜூலை 7

வாலு,

பதில் இல்லை. இது நான் தொடர்ந்து போடும் இரண்டாவது கடிதம்.

நேற்று உன் கடிதங்கள் இருக்கும் டப்பாவை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். கல்யாணம் ஆகிப் போன நாளிலிருந்து நீ எழுதிய எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், நீ எப்படி?" ஒன்றிலும் தவறாது. போன வருஷம் பிப்ரவரியிலிருந்து வந்த பதினொரு கடிதங்களில் அந்த வரி இல்லை. கடைக் கதை இருக்கிறது, அத்தானைக் கேலி செய்வது இருக்கிறது, "நீ எப்படி" கூட இருக்கிறது. குத்துக்கல்லு மட்டும் காணவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன், நீ ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறாய். உனக்கு வாயால் பொய் சொல்ல வரும், சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். எழுத்தில் வராது போலிருக்கிறது.

இன்னொன்று. துணுக்கு எடுத்தபோது டாக்டரம்மா என்னை இருமச் சொன்னது நிஜம். ஆனால் அதை நான் உனக்கு எழுதவில்லை. உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அறையில் இருந்தவர்கள் டாக்டரம்மா, நர்ஸ், நான். பலமாக இருமினால் வலி தெரியாது என்பது எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

நான் திட்ட மாட்டேன். 14ஆம் தேதிக்குள் எழுது.

அக்கா


ஜூலை 10

அக்கா,

அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நான். வேறு யாருமில்லை. என் வீட்டுக்காரரைக்கூட நான் அழைத்துப் போகவில்லை.

போன வருஷம் பிப்ரவரியில் எனக்கும் துணுக்கு எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின படி. அணுக்கள் மாற ஆரம்பித்துவிட்டன என்றார்கள். கருப்பையை எடுத்துவிடுவதுதான் நிச்சயமான வழி, குழந்தை வேண்டுமென்றால் கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். அதன் பிறகு ஐந்து தடவை இருமிவிட்டேன். நான்கு தடவை அப்படியே இருந்தது. மே மாதம், கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார்கள். போய்விடவில்லை.

என் டாக்டரும் அம்மாவைப் பற்றிக் கேட்டார். எனக்கு வயிற்றுப்புண் என்று எழுதக் கை வரவில்லை. சித்தியைப் போய்ப் பார்த்தேன். சித்தி அந்த அறையில் இருந்தார்களாம். அப்பா, சித்தி, டாக்டர். "குடல்ல புத்து கண்ணு. உங்கப்பா என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு, வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவான்னு." அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அம்மாவுக்குக் குடல், பெண்ணுக்குக் கருப்பை என்றால் அது ஒரே கொடியாக இருக்கலாம், சினைப்பைக்கும் வரலாம் என்று என் டாக்டர் சொன்னார். அதனால்தான் உன்னை எடுக்கச் சொன்னேன். காரணத்தை எழுதினால் என்னுடையதும் வெளியே வந்துவிடும். அதனால் எங்கேயோ படித்தேன் என்று எழுதினேன். நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பேனாவை எடுக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். என் சட்டையிலிருந்து மாப்பிள்ளை வரை எல்லாவற்றையும் நீதான் முடிவு செய்தாய். எல்லாம் நன்றாகத்தான் அமைந்தது, குறை சொல்லவில்லை. நீ "எடு" என்று ஒரு சொல் சொன்னால் நான் எடுத்துவிடுவேன் அக்கா. எனக்கு ஒரு குழந்தை வேண்டும். அதற்காக உன்னைப் பணயம் வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டு.

தங்கை


ஜூலை 15

வாலு,

அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, நர்ஸ், அத்தான், நான், உன் கடிதம்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா வச்சுக்கலாம்னு நான் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றார். என்னிடம் எடுத்த துணுக்கை வேறொரு சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அது பரம்பரையாக வரும் ரகமா என்று தெரியுமாம். ஆபரேஷன் ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போயிருக்கிறது.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அது பொய். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். என் பெண்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கொடி போகலாம், நீ பேசாமல் இருந்திருந்தால் அவர்களும் ஒரு நாள் வயிற்றுப்புண் என்று எழுதியிருப்பார்கள். பிறகு, நீ தனியாக ஆறு தடவை அந்த மேஜையில் படுத்திருந்ததை நினைத்தேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரார்த்தனையில் உன் பேரை முதலுக்கு மாற்றியிருக்கிறேன். அத்தான் இரண்டாவதாகிவிட்டார், அவருக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 5

வாலுக்கு அத்தான் எழுதுவது,

உன் அக்கா படுத்துக்கொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். எனக்கு அச்சடிக்கத்தான் தெரியும், கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

அந்தச் சோதனை, பரம்பரை ரகம்தான் என்று வந்தது. எடுப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். "இப்ப காரணம் இருக்கு, எடுத்துடுங்க" என்றாள். கருப்பை, குழாய், சினைப்பை இரண்டும், சாயம் பிடித்த கணு இரண்டு. மூன்று மணி நேரம். நன்றாக முடிந்தது.

வெளியே இருந்தவர்கள்: நான், பெரியவள், சின்னவள், என் தங்கை. நான் அழுததாகப் பெரியவள் எழுதினால் நம்பாதே. உன் அக்கா "அழுதார்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

அத்தான்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கும் அழுத அத்தானுக்கும்,

இன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது. எழுந்து நடக்கிறாயா? தையல் போட்ட இடம் இழுக்கிறதா? கனமாக எதையும் தூக்காதே, அத்தானின் பேச்சைத் தவிர.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி வந்து நின்ற இடத்திலேயே போய்ச் சொன்னேன், வீடு வரை பொறுக்க முடியவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். "ஒன்றரை வருஷமா நீ மட்டும் சுமந்தியா? நான் என்ன லோடு ஏத்துறதுக்குன்னே பொறந்தவனா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கும் அந்தப் பரம்பரைச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அது உன்னைப் போலவே என்று வந்தால் மாத்திரையை நம்பி ரொம்ப நாள் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்கிறார். செப்டம்பர் 11ஆம் தேதி என் முடிவைச் சொல்ல வரச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் எடுத்துவிடலாம் என்றிருக்கிறது. மறுநாள் கடைக்கு யாராவது குழந்தையோடு வந்து, அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தால், முடியாது என்றிருக்கிறது.

நீயே சொல்லிவிடு அக்கா. எடுக்கவா? நீ சொன்னால் செய்கிறேன். இந்தத் தடவை மறைக்க மாட்டேன்.

உன்,
வாலு


ஆகஸ்ட் 24

என் செல்லத்துக்கு,

இதை எழுதும்போது அறையில் இருப்பவர்கள்: நான், மேசை விசிறி. இது இப்போது என் கூடப் பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. நாத்தனார் சொன்ன அடுப்பு நிஜம்தான். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை குப்பென்று ஏறுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே இதோ ஒன்று வந்துவிட்டுப் போனது, எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். மற்றபடி நடக்கிறேன், குனிகிறேன். தையல் ஆறிவிட்டது.

எடுத்ததையெல்லாம் சோதித்து ரிப்போர்ட் வந்துவிட்டது. கணுக்கள் சுத்தம். நோய் உள்தோலைத் தாண்டி ஆழமாகப் போகவில்லை. சினைப்பைகள் இரண்டிலும் ஒன்றுமில்லை. நாத்தனார் கேட்டுவிட்டு, "அடிப்பாவி, அப்ப நல்லதைப் போய் எடுத்துட்டாங்களே" என்று தலையில் கை வைத்தார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மாவிடமே கேட்டேன். "இன்னும் பத்து வருஷத்துல அதுல வந்திருக்குமா வந்திருக்காதான்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. வரக்கூடாதுன்னுதான் எடுத்தோம்" என்றார். தெரியாது என்று சொல்லும் டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். "எடு" என்ற சொல் என் நாக்கு நுனியில் நிற்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்த அக்காவுக்கு நீ உயிரோடு இருந்தால் போதும். ஆனால் அது என் ஆசை. என்னுடையதை எடுக்கலாமா என்று டாக்டரம்மா இரண்டு தடவையும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். உன் அத்தான் குறுக்கே பேசியும், அவரை ஒதுக்கிவிட்டு என்னைத்தான் கேட்டார். எனக்குக் கிடைத்த அந்த மரியாதையை உன்னிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். அப்பா நம் இரண்டு பேருக்குமாக ஒரு கதவைச் சாத்தினார், நல்லதென்று நினைத்துத்தான் சாத்தினார். நானும் உனக்காக எத்தனையோ கதவை அப்படியே சாத்தியிருக்கிறேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இனிமேல் மாட்டேன்.

நான் உனக்கு எழுதித் தரக்கூடியது கேள்விகள்தான். ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, காத்திருந்தால் எத்தனை மாதம், அதற்குள் குழந்தைக்கு வழியிருக்கிறதா, குழந்தை பிறந்த பிறகு எதை எதை எப்போது எடுக்க வேண்டும், காத்திருக்கும்போது நோய் முந்திக்கொண்டால் எப்படித் தெரியும். தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பதில் எழுத இடம் விட்டிருக்கிறேன். அதை உன் கையால் நிரப்பு. பிறகு நீ எதைச் சொன்னாலும் என் பிரார்த்தனை அதன் பக்கம்தான்.

டாக்டரம்மா எனக்குப் பயணம் செய்ய அனுமதி கொடுத்துவிட்டார். செப்டம்பர் 9ஆம் தேதி ரயிலில் வருகிறேன். விசிறியையும் கொண்டுவருகிறேன். 11ஆம் தேதி அந்த அறையில் யார் யார் இருக்க வேண்டும் என்று நீ ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. மாப்பிள்ளை கட்டாயம் இருக்கட்டும். அதில் நான் இருந்தால் உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன். நான் இல்லையென்றால் வெளியே பெஞ்சில் உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் உள்ளேயா, வெளியேயா? ரயில் ஏறும் முன்பே தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா